தாலி கட்டுற நேரத்துல ஃபோக்கஸ் போகுதா? ஆட்டோவா, மேனுவலா... எதை எப்போ நம்பலாம்?

கெட்டிமேளம் முழங்குது. மாப்பிள்ளை தாலியைக் கையில எடுக்கிறார். சுத்தி நிக்கிறவங்க அட்சதை தூவுறாங்க. அந்த நேரம் பார்த்து மணமக்கள் முகம் மங்கலாகி, பின்னாடி இருக்கிற மேடை அலங்காரம் பளிச்னு தெரிஞ்சா எப்படி இருக்கும்? ரெண்டே செகண்ட்தான். ஆனா, `இன்னொரு முறை கட்டுங்க'னு சொல்ல முடியாதே!

வீடியோ எடுக்கிற பலருக்கும் இந்தத் தலைவலி உண்டு. உடனே, `மேனுவல்தான் புரொஃபஷனல், ஆட்டோ எல்லாம் கத்துக்குட்டிகளுக்கு'னு ஒருத்தர் அட்வைஸ் பண்ணுவார். அதை அப்படியே நம்பிடாதீங்க. ரெண்டுக்கும் தனித்தனி வேலை இருக்கு.

போட்டோவுக்கும் வீடியோவுக்கும் என்ன வித்தியாசம்?

போட்டோவுல கிளிக் பண்ற அந்த ஒரு நொடி ஃபோக்கஸ் சரியா இருந்தா போதும். அதுக்கு முன்னாடி லென்ஸ் எவ்வளவு தடுமாறினாலும் யாருக்கும் தெரியாது. வீடியோவுல செகண்டுக்கு 25 ஃப்ரேம்னு வெச்சுக்கிட்டா, 10 நிமிஷத்துக்கு 15,000 படங்கள். லென்ஸ் தடுமாறுறது, தேடுறது எல்லாமே பதிவாகும்.

ஆட்டோஃபோக்கஸ் எப்படி வேலை செய்யுது?

பழைய முறைக்கு `கான்ட்ராஸ்ட் டிடெக்‌ஷன்'னு பேரு. பழைய ரேடியோவுல ஸ்டேஷன் பிடிக்கிற மாதிரிதான் இதுவும். குமிழைத் திருகி, ஸ்டேஷனைத் தாண்டிப் போய், திரும்பி வந்து நிறுத்துவோமே... அப்படித்தான் லென்ஸும் முன்னும் பின்னும் போய், எங்கே படம் கூர்மையா இருக்குன்னு தேடும். இதைத்தான் `ஹன்ட்டிங்'னு சொல்றாங்க.

`ஃபேஸ் டிடெக்‌ஷன்' முறையில, லென்ஸோட இரு பக்கமிருந்து வர்ற ஒளியை கேமரா ஒப்பிட்டுப் பார்க்கும். எந்தப் பக்கம், எவ்வளவு நகரணும்னு அதுக்கு முன்கூட்டியே தெரிஞ்சிடும். அதனால தேடல் ரொம்பவே குறையும்.

2008-ல வந்த கேனான் 5டி மார்க் 2, ஃபுல் ஹெச்.டி வீடியோ எடுத்து அசத்தின கேமரா. ஆனா, ரெக்கார்டிங்ல ஆளைத் தொடர்ந்து ஃபோக்கஸ் பண்ற வசதி அதுல கிடையாது. கையால திருப்பியே ஆகணும். 2013-ல கேனான் 70டி, `டூயல் பிக்ஸல்' தொழில்நுட்பத்தோட வந்தப்போதான் வீடியோ ஆட்டோஃபோக்கஸ் மேல நம்பிக்கை வந்துச்சு. 2016-ல சாம்சங் கேலக்ஸி எஸ்7 மூலமா அது போனுக்கும் வந்திடுச்சு. இப்போ முகம், கண்ணைக்கூட கேமராவே கண்டுபிடிக்குது.

அப்புறம் ஏன் சொதப்புது?

எது கூர்மைன்னு கேமராவுக்குத் தெரியும். எது முக்கியம்னு தெரியாது. குறுக்கே ஒருத்தர் நடந்தா அவர் பின்னாடி போயிடும். ஹோமப் புகை, மங்கலான வெளிச்சம், வெறும் வெள்ளைச் சுவர், ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் நிக்கிற ஆள்... இங்கெல்லாம் குழம்பும்.

மேனுவல்னா எல்லாம் சரியாகிடுமா?

ஃபுல் ஃப்ரேம் கேமராவுல 50 எம்.எம் லென்ஸ், எஃப் 1.8, 2 மீட்டர் தூரத்துல ஆள் நிக்கிறார்னு வெச்சுக்குவோம். கூர்மையா தெரியிற பகுதியோட ஆழம் சுமார் 17 செ.மீ மட்டும்தான். ஒரு சாண்கூட இல்லை! அவர் கொஞ்சம் முன்னாடி சாய்ஞ்சாலே அவுட். அதே இடத்துல எஃப் 8 வெச்சா, இந்த ஆழம் முக்கால் மீட்டரைத் தாண்டும்.

சினிமாவுல இதுக்குன்னே `ஃபோக்கஸ் புல்லர்'னு ஒருத்தர் இருப்பார். டேப் வெச்சு தூரத்தை அளந்து, தரையில மார்க் பண்ணி, ரிகர்சல் பார்த்துட்டுதான் திருப்புவார். கல்யாண மண்டபத்துல தனியா கேமரா தூக்கி ஓடுற உங்களுக்கு அந்த வசதி கிடையாது.

சரி, எப்போ எது?

ஷூட்டுக்கு முன்னாடி உங்களையே ரெண்டு கேள்வி கேளுங்க. `இதைத் திரும்ப எடுக்க முடியுமா?', `ஆளுக்கும் கேமராவுக்கும் இடையில தூரம் மாறிக்கிட்டே இருக்குமா?'

* திரும்ப எடுக்க முடியாது, தூரமும் மாறும்: குழந்தையோட முதல் நடை, மணமக்கள் நடந்து வர்றது. இதுக்கு ஆட்டோதான். முகம் கண்டறியும் வசதியை ஆன் பண்ணுங்க. ஃபோக்கஸ் சட்டுனு வேற ஆளுக்குத் தாவாம இருக்க, சென்சிட்டிவிட்டியைக் குறைச்சு வைங்க.

* தூரம் மாறாது: இன்டர்வியூ, சமையல் வீடியோ, கச்சேரி. இங்கே மேனுவல்தான் நிம்மதி. முதல்ல ஆட்டோவுல ஃபோக்கஸ் பிடிச்சுட்டு, அப்படியே மேனுவலுக்கு மாத்திடுங்க. அப்புறம் குறுக்கே யார் போனாலும் அசையாது. தாலி கட்டுற சீனுக்கும் இதேதான். மணமக்கள் உட்கார்ந்த இடத்தை விட்டு நகர மாட்டாங்க. எஃப் 4 இல்லைன்னா 5.6 வெச்சா இன்னும் பாதுகாப்பு.

* ஃபோக்கஸே கதை சொல்லணும்: முன்னாடி இருக்கிற காபி டம்ளர்லேர்ந்து பின்னாடி இருக்கிற பாட்டி முகத்துக்கு மெதுவா மாறணுமா? மேனுவல். ரெண்டு மூணு டேக் எடுக்கலாம், பிரச்னை இல்லை.

மேனுவல்ல வேலை பார்க்கும்போது `ஃபோக்கஸ் பீக்கிங்'கை ஆன் பண்ணுங்க. கூர்மையான ஓரங்கள் கலர்ல மின்னும். அதை மட்டும் நம்பாம, திரையைப் பெருசாக்கி கண்ணையும் ஒருமுறை செக் பண்ணுங்க. இன்னொண்ணு, சாதாரண ஜூம் லென்ஸ்கள்ல ஜூம் பண்ணினா ஃபோக்கஸும் நகரலாம். ஜூம் மாத்தினா மறுபடி பாருங்க.

போன்தான் இருக்கா?

கவலை வேண்டாம். போன் சென்சார் சின்னது. அதனால, கூர்மையா தெரியிற ஆழம் இயல்பாவே அதிகம். ஐபோன்ல திரையை அழுத்திப் பிடிச்சா `ஏ.இ/ஏ.எஃப் லாக்'னு வரும். பல ஆண்ட்ராய்டு போன்கள்லயும் இந்த வசதி இருக்கு. ஃபோக்கஸோட வெளிச்சமும் சேர்ந்து லாக் ஆகுங்கிறதால, லைட் மாறினா திரும்ப செட் பண்ணணும்.

விசேஷத்துக்கு முந்தின நாள் வீட்டுல யாரையாவது உட்கார வெச்சு, குறுக்கே ஒருத்தரை நடக்கவிட்டு, ஆட்டோவுல ஒண்ணு, லாக் பண்ணி ஒண்ணுன்னு எடுத்துப் பாருங்க. அஞ்சு நிமிஷம் போதும். உங்க கேமரா எங்கே ஏமாறும்னு மறுநாள் போறதுக்குள்ள தெரிஞ்சிடும்!