ரூமில் இருப்பது 6 ஆம்ப்ஸ், ராடு கேட்பது 16 ஆம்ப்ஸ்! ஹீட்டர் பிளக் மாற்றுவதற்கு முன் இதைக் கவனியுங்கள்

ஒரகடம் கம்பெனிகளின் முதல் ஷிஃப்ட் பஸ்ஸைப் பிடிக்க, பலருக்கு நாலு மணிக்கே அலாரம் அடித்துவிடும். மார்கழிக் குளிரில் பச்சைத் தண்ணீரில் குளிக்க முடியாது. வாடகை ரூமில் கீஸர் எல்லாம் இருக்காது. பிளாஸ்டிக் பக்கெட்டில் தொங்கும் ஹீட்டர் ராடுதான் கதி.

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-லும், ஒரகடத்தில் ரெனோ நிஸான் 2010-லும் உற்பத்தியைத் தொடங்கின. அந்த வேகத்தில் சுற்றுவட்டார ஊர்களில் வீட்டு மாடிகள் எல்லாம் வரிசை ரூம்களாயின. பெண் தொழிலாளர்கள் 18,720 பேர் தங்கும் விடுதி வல்லம் வடகாலில் 2024-ல் திறக்கப்பட்டது என்றாலும், இன்னும் பலர் இந்த ரூம்களில்தான் இருக்கிறார்கள். மேன்ஷனோ, வரிசை வீடோ, பெரும்பாலும் லைட், ஃபேன், செல்போன் சார்ஜர் ஆகியவற்றை மனதில் வைத்துப் போட்ட வயரிங்தான். சுவரில் இருப்பது சின்ன சாக்கெட்.

சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. 1,500 வாட்ஸ் ராடு, 230 வோல்ட்டில் சுமார் 6.5 ஆம்ப்ஸ் இழுக்கும். சின்ன சாக்கெட்டின் அளவே 6 ஆம்ப்ஸ்தான். கடைகளில் பழைய பழக்கத்தில் '5 ஆம்ப்ஸ், 15 ஆம்ப்ஸ்' என்பார்கள், இப்போதைய ஐ.எஸ். 1293 தரத்தின்படி அவை 6, 16. ராடோடு வந்த பெரிய பிளக் சுவரில் நுழையவில்லை என்று அதை வெட்டிவிட்டுச் சின்ன பிளக் மாட்டுகிறவர்கள் உண்டு. கன்வெர்டர் வாங்கிச் செருகுகிறவர்களும் உண்டு. இரண்டுமே ஆபத்து. பெரிய பிளக் நுழையாமல் இருப்பது தொல்லைக்கு அல்ல, அது ஒரு தடுப்பு.

சில வாரங்களில் பிளக் பழுப்பாகும், பிறகு கருகும். தளர்ந்த இணைப்பில் அரை ஓம் தடை இருந்தால்கூட, அந்த ஒரே புள்ளியில் சுமார் 21 வாட்ஸ் வெப்பம் உண்டாகும். எலெக்ட்ரானிக்ஸ் லைனில் நிற்பவர்களுக்குப் புரியும்படி சொன்னால், பிளக்குக்குள் சின்ன சால்டரிங் அயனை வைத்து மூடியது மாதிரி. அதனால், கருகிய பிளக்கை மாற்றும்போது சாக்கெட்டையும் பாருங்கள். அதன் உள் பிடி தளர்ந்திருந்தால் புது பிளக்கும் கருகத்தான் போகிறது.

பிளக் மாற்றுவது நீங்களே செய்யக்கூடிய வேலைதான். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. சில ரூம்களில் சுவிட்ச் நியூட்ரலில் மாட்டப்பட்டிருக்கும். பிளக்கைச் சுவரிலிருந்து முழுசாக உருவிவிட்டுத்தான் ஸ்க்ரூடிரைவரை எடுக்க வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள 16 ஆம்ப்ஸ் த்ரீ பின் பிளக் வாங்குங்கள். பழைய வயரில் கருகிய பகுதியை வெட்டுங்கள். செம்பு பளபளப்பாகத் தெரியும் வரை வெட்ட வேண்டும்.

உள்ளே மூன்று வயர் இருக்கும். பிரவுன் ஃபேஸ், நீலம் நியூட்ரல், பச்சையும் மஞ்சளும் கலந்தது எர்த். பழைய ராடுகளில் சிவப்பு, கறுப்பு, பச்சை. பிளக்கின் உள்ளே எல், என், ஈ என்று ஆங்கில எழுத்துகள் இருக்கும்; அதே வரிசையில் ஃபேஸ், நியூட்ரல், எர்த். செம்பு இழைகளை நன்றாக முறுக்கி, ஒரு இழைகூட வெளியே நீட்டாமல் ஸ்க்ரூவை இறுக்குங்கள். எர்த் வயரை மற்ற இரண்டையும்விடக் கொஞ்சம் நீளமாக விடுவது நல்லது. யாராவது வயரைப் பிடித்து இழுத்தாலும் கடைசியாகப் பிடுங்கிக்கொள்வது அதுவாக இருக்கும். வயரின் வெளி உறை, பிளக்கில் உள்ள கிளாம்ப்புக்குள் வரை வர வேண்டும். பலர் இந்தக் கிளாம்ப்பை மாட்டாமலே மூடிவிடுவார்கள். பிறகு இழுபடும் ஒவ்வொரு முறையும் பாரம் முழுக்க ஸ்க்ரூ மேல்தான்.

மல்ட்டிமீட்டர் கைவசம் இருந்தால், செருகுவதற்கு முன் ஒரு சோதனை. 1,500 வாட்ஸ் ராடில் ஃபேஸ் பின்னுக்கும் நியூட்ரல் பின்னுக்கும் இடையே சுமார் 35 ஓம் காட்ட வேண்டும். எர்த் பின்னுக்கும் ராடின் உலோகத்துக்கும் இடையே கிட்டத்தட்ட பூஜ்யம். எர்த்துக்கும் ஃபேஸுக்கும் இடையே ஏதாவது ரீடிங் வந்தால் ராடு உள்ளேயே பழுதாகியிருக்கிறது என்று அர்த்தம். அதற்குப் புது பிளக் மாட்டிப் பயனில்லை. இரண்டே வயர் உள்ள ராடையும் தூக்கிப் போட்டுவிடலாம்.

எர்த் பின் மட்டும் ஏன் நீளமாக, தடிமனாக இருக்கிறது? செருகும்போது முதலில் தொடவும், உருவும்போது கடைசியில் பிரியவும்தான். ஆனால் சுவருக்குள் எர்த் வயரே இல்லையென்றால் அந்தப் பின் வெறும் அலங்காரம். சில இடங்களில் நியூட்ரலையே எர்த்தோடு சேர்த்து முடிந்திருப்பார்கள். இது எர்த் இல்லாததைவிட மோசம். டெஸ்டரை வைத்து எர்த் சரியா என்று கண்டுபிடிக்க முடியாது. உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனை அழைத்துப் பார்க்கச் சொல்லி ஹவுஸ் ஓனரிடம் கேளுங்கள். அப்படியே மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்றும் கேளுங்கள். அட்வான்ஸ் வாங்கும்போது கரன்ட் யூனிட்டுக்கு எவ்வளவு என்று பேசுகிற ஓனரிடம் இதையும் பேசலாம், தப்பில்லை.

பிளக் எவ்வளவு சரியாக இருந்தாலும், தூக்கக் கலக்கத்தில் சூடு வந்துவிட்டதா என்று தண்ணீருக்குள் விரலை விடுவதுதான் உயிரை எடுக்கிறது. ராடை தண்ணீரில் வைத்த பிறகே சுவிட்ச் போடவும். சுவிட்சை அணைத்து, பிளக்கை உருவிய பிறகே தண்ணீரைத் தொடவும்.

ஓனர் 16 ஆம்ப்ஸ் சாக்கெட் போட்டுத் தரும் வரை என்ன செய்வது? எர்த்தும் நல்ல நிலையில் உள்ள 6 ஆம்ப்ஸ் சாக்கெட்டும் இருந்தால், 1,000 வாட்ஸ் ராடு வாங்கலாம். அது இழுப்பது சுமார் 4.3 ஆம்ப்ஸ்தான். 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்குக் கொண்டுவர, கணக்குப்படி 1,500 வாட்ஸ் ராடுக்கு 14 நிமிடம், இதற்கு 21 நிமிடம். ஏழு நிமிடம் முன்னால் எழுந்தால் போதும். ஆனால், அதே போர்டில் ரூம்மேட் இண்டக்‌ஷன் ஸ்டவ்வையும் போட்டால் இந்தக் கணக்கு செல்லாது.