வயிறு நிறைந்தும் ஏன் நிற்கவில்லை விசில்?

சாயங்காலம் சேலம் அம்மாப்பேட்டை, குகை பக்கம் போனால் தள்ளுவண்டிகளில் தட்டுவடை செட் வியாபாரம் களைகட்டியிருக்கும். மதியம் மூக்கு முட்டச் சாப்பிட்டவரும் வண்டியோரம் நிற்பார். கேட்டால், "பசியெல்லாம் இல்லைங்க, சும்மா ஒரு செட்" என்பார். பசியில்லாமல் அவரை அங்கே கொண்டுவந்து நிறுத்தியது எது?

சேலம்–நாமக்கல் சாலையோரத்து மெஸ் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். பின்கட்டில் ஸ்டோர் ரூமைப் பார்க்கும் கணக்குப் பிள்ளை, நடுவில் அடுப்படிச் சமையல்காரர், வாசலில் விசில் ஊதித் துணியை ஆட்டி வண்டிகளைக் கூப்பிடும் ஆள். நம் மூளையிலும் சாப்பாட்டு வேலையை இந்த மூவர்தான் பார்க்கிறார்கள்.

ஸ்டோர் ரூம்: இருப்புக் கணக்கு

உடம்பின் இருப்பு கொழுப்பு. எவ்வளவு இருக்கிறது என்பதை லெப்டின் என்ற ஹார்மோன் மூளைக்குச் சொல்கிறது. 1994இல் அமெரிக்காவில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு இதைக் கண்டறிந்தது. வயிறு காலியானால் "சரக்கு வேண்டும்" என்று சொல்வது கிரெலின். அது 1999இல் ஜப்பானில் கண்டறியப்பட்டது. இரண்டு செய்தியும் போய்ச் சேரும் இடம் மூளையின் அடியில் உள்ள ஹைப்போதலாமஸ்.

அங்கே உண்ணத் தூண்டும் பகுதியைக் காட்டியவர்களில் ஒருவர் நம் நாட்டுக்காரர். 1951இல் யேல் பல்கலைக்கழகத்தில் பி.கே. ஆனந்தும் ஜான் புரோபெக்கும் எலிகளின் ஹைப்போதலாமஸில் இரு பக்கமும் ஒரு சிறு புள்ளியைச் செயலிழக்கச் செய்தார்கள். எதிரில் தீனி இருந்தும் எலிகள் பட்டினி கிடந்தன. ஆனந்த் பிறகு டெல்லி எய்ம்ஸில் உடலியங்கியல் துறையை வளர்த்தார்.

கணக்குப் பிள்ளை மட்டும் நடத்தும் மெஸ்ஸாக இருந்தால், சாப்பாட்டுக்குப் பிறகு யாரும் தட்டுவடையைத் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

வாசல்: விசில்காரர்

விசில்காரரின் பெயர் டோபமைன். நடுமூளையிலிருந்து புறப்பட்டு நியூக்ளியஸ் அக்கும்பென்ஸ் என்ற பகுதிக்குப் போய் "வா, வா" என்று கூப்பிடுகிறது. டோபமைன் என்றால் இன்பம் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. 1989இல் மிச்சிகனில் கென்ட் பெரிட்ஜும் சக ஆய்வாளர்களும் டோபமைன் அறவே குறைந்துபோன எலிகளைக் கவனித்தார்கள். அவை தாமாகச் சாப்பிடவே இல்லை. ஆனால் நாக்கில் இனிப்பு நீரை விட்டதும் வழக்கம்போலச் சப்புக்கொட்டின. ருசி இருந்தது, ஆசை போய்விட்டது.

ருசி அடுப்படியின் வேலை. மூளை தானே சுரக்கும் அபினி போன்ற பொருட்கள் சில சிறு புள்ளிகளில் அந்த இன்பத்தைக் கூட்டுகின்றன. ருசியும் ஆசையும் தனித்தனி என்பதால்தான் முதல் கடியில் இருந்த சுகம் நாலாவது கடியில் மங்கினாலும் கை தட்டை விடுவதில்லை. அடுப்படி ஓய்ந்தது விசில்காரருக்குத் தெரியாது.

விசில் எதைப் பார்த்து?

மூளை ஆய்வாளர் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளுக்கு ஒரு விளக்கைக் காட்டிவிட்டுப் பழச்சாறு கொடுத்தார். தொடக்கத்தில் சாறு கிடைத்தபோது டோபமைன் நரம்பணுக்கள் துடித்தன. பழகியபின் விளக்கைக் கண்டதுமே துடித்தன. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால் அடங்கின. விசில்காரரும் அப்படித்தான்: நல்ல வியாபாரம் தந்த பஸ்ஸை அடையாளம் வைத்துக்கொண்டு, அதன் ஹெட்லைட் தெரிந்ததுமே ஊதுவார். சாயங்காலம் ஐந்து மணி, வீடு திரும்பும் தெருமுனை, புதினாச் சட்னி வாசனை எல்லாமே நமக்கு ஹெட்லைட்தான்.

தட்டுவடை செட் ஏன் இழுக்கிறது?

அரிசி மாவு, எண்ணெய்: மாவுச்சத்தும் கொழுப்பும் ஒன்றாக. 2018இல் யேல் பல்கலைக்கழகத்தின் டேனா ஸ்மால் குழு, ஒரே அளவு கலோரி உள்ள தின்பண்டங்களின் படங்களைக் காட்டி ஏலம் கேட்கச் சொன்னது. கொழுப்பும் மாவுச்சத்தும் சேர்ந்ததற்கே ஆட்கள் அதிக விலை கேட்டார்கள்.

அடுத்தது, வகை. மொறுமொறு தட்டுவடை, காரச் சட்னி, பச்சைச் சட்னி, துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம். 1981இல் பார்பரா ரோல்ஸும் சக ஆய்வாளர்களும் சொன்னது இதைத்தான்: திகட்டுவது தின்ற ருசி, தின்னாத ருசிக்கு இன்னும் இடமுண்டு. செட் முடித்தவர் நொறுக்கல் கேட்பதும், சோறு போதும் என்றவர் பாயசத்துக்கு இலையைக் காட்டுவதும் இதனால்தான்.

ஆனாலும் செட் கையால் ஒவ்வொன்றாக அடுக்கப்படுகிறது. அந்த இடைவெளி ஒரு தடுப்பு. பாக்கெட் தீனியில் அது இல்லை. 2019இல் அமெரிக்காவில் ஆய்வாளர் கெவின் ஹால் 20 பேரை இரண்டு வாரம் ஆலைப் பதன உணவிலும், இரண்டு வாரம் எளிய உணவிலும் வைத்துப் பார்த்தார். ஆலை உணவில் அவர்கள் வேகமாகச் சாப்பிட்டார்கள். நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகவும் சாப்பிட்டார்கள். குடலிலிருந்து "போதும்" என்ற செய்தி மேலே வரச் சில நிமிடம் பிடிக்கும். அதற்குள் பாக்கெட் காலி.

விசில்காரரை வேலையைவிட்டு நிறுத்த முடியாது. நிறுத்தினால் பெரிட்ஜின் எலிக்கு நேர்ந்ததுதான் நமக்கும். ஹெட்லைட்டை மறைக்கலாம். பாக்கெட்டைக் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள். தூக்கத்தைக் குறைக்காதீர்கள், குறைந்தால் பசி கூடும். ஒரு செட் சாப்பிட்டதும் பத்து நிமிடம் பேசிக்கொண்டு நில்லுங்கள். அதன் பிறகும் வேண்டுமென்றால் இரண்டாவது செட்டைத் தாராளமாகக் கேளுங்கள். பெரும்பாலும் கேட்கமாட்டீர்கள்.