புத்தகம் பழசு, ஜீப் புதுசு

இடுக்கி, பாலக்காடு மலைப்பாதைகளில் பழைய ஜீப்புக்கு இன்னமும் மவுசு குறையவில்லை. ஆனால் கைக்கு வருவது ஜீப்பா, வெறும் ஆர்.சி. புத்தகமா என்பதில்தான் சிக்கல்.

பொழுது புலர்வதற்கு முன்பே கம்பம்மெட்டு, போடிமெட்டு, குமுளி சாலைகளில் ஜீப்புகள் உறுமத் தொடங்கிவிடுகின்றன. தேனி மாவட்டக் கிராமங்களிலிருந்து இடுக்கியின் ஏலக்காய்த் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் செல்பவர்களுக்கு ஜீப்தான் பஸ். கொழுக்குமலை தேனி மாவட்டத்தில் இருந்தாலும் அங்கே போக கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்து கரடுமுரடான ஜீப் பாதைதான் உண்டு. பாலக்காடு பக்கம் நெல்லியாம்பதி எஸ்டேட்டுகளிலும் அட்டப்பாடியின் ஆதிவாசி ஊர்களிலும் இதே கதைதான். சொகுசு கார்கள் மூச்சு வாங்கும் இடத்தில் ஜீப் அலட்டிக்கொள்ளாமல் ஏறும்.

இத்தனைக்கும் இந்த மலைக்காரர்கள் விரும்பும் கமாண்டர், மேஜர், எம்.எம். 540 போன்ற ரகங்களின் உற்பத்தி நின்று பல வருடங்கள் ஆகின்றன. எனவே சந்தையில் இருப்பதெல்லாம் கை மாறிய வண்டிகள்தான். தேவை அதிகம், வண்டி குறைவு. தரகர்களுக்கும் ஒர்க்ஷாப்காரர்களுக்கும் வேறென்ன வேண்டும்?

ஜீப்பின் உடலமைப்பும் அவர்களுக்குச் சாதகம். கீழே ஏணி போன்ற சேஸிஸ், அதன் மேல் தனியாக போல்ட் போட்டு உட்கார வைத்த பாடி. பாடியைக் கழற்றி வீசிவிட்டுப் புதிதாக ஒன்றை மாட்டலாம். இன்ஜின், கியர் பாக்ஸ், ஆக்ஸில் என்று எதையும் தனித்தனியாக வாங்கிப் பூட்டலாம். மேலைநாடுகளில் 'கிட் கார்' என்று பாகங்களாக விற்கிறார்களே, அதற்கு இந்தியாவில் நெருங்கிய சொந்தம் ஜீப்தான். அதன் பிறப்பே அப்படித்தான். 1945ல் கே.சி. மஹிந்திரா, ஜே.சி. மஹிந்திரா சகோதரர்கள் மாலிக் குலாம் முகமதுவுடன் சேர்ந்து ஒரு கம்பெனியைத் தொடங்கினார்கள். தேசப் பிரிவினைக்குப் பிறகு குலாம் முகமது பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சராகிவிட, கம்பெனி 'மஹிந்திரா அண்ட் மஹிந்திரா' ஆனது. 1940களின் இறுதியில் அமெரிக்க வில்லிஸ் ஜீப்புகளின் பாகங்களைத் தருவித்து பம்பாயில் பூட்டி விற்றார்கள்.

கம்பெனி செய்ததை இன்று சந்துக்குச் சந்து பட்டறைகள் செய்கின்றன. இதில் பேர் போன ஊர் ஹரியானாவின் சிர்சா மாவட்டத்தில், பஞ்சாப் எல்லையை ஒட்டியிருக்கும் மண்டி டப்வாலி. வாடிக்கையாளர் விரும்பும் நீளத்தில், விரும்பும் நிறத்தில், விரும்பும் இன்ஜினோடு ஜீப் தயாராகி லாரியில் ஏறி தேசமெங்கும் போகிறது.

வண்டி பளபளப்பாகத்தான் இருக்கிறது. தொல்லை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆரம்பிக்கிறது.

இந்தியாவில் ஒரு வண்டியைப் புதிதாகப் பதிவு செய்ய, உற்பத்தியாளர் அல்லது டீலர் கொடுத்த படிவம் 21 விற்பனைச் சான்றும், படிவம் 22 தகுதிச் சான்றும் வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதி 126ன்படி, அந்த மாடலின் முன்மாதிரியை புனேயின் ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற அங்கீகாரம் பெற்ற அமைப்பு சோதித்துச் சான்றளித்திருக்க வேண்டும். ஒற்றை ஜீப் செய்யும் பட்டறைக்கு இது ஆகிற காரியமல்ல. பிரிட்டனில் வீட்டில் பூட்டிய காரைக்கூட தனி வாகனப் பரிசோதனைக்குக் கொண்டு போய், தேறினால் பதிவு செய்யலாம். அதன் பூர்வீகம் தெரியாவிட்டால் 'க்யூ' எழுத்தில் தொடங்கும் நம்பர் தருகிறார்கள். இங்கே தனி ஆளுக்கு அப்படியொரு வாசல் இல்லை. 2021ல் மகாராஷ்டிராவின் சாங்லி மாவட்டத்தைச் சேர்ந்த தத்தாத்ரேய லோஹார் காயலான் கடைச் சாமான்களால் ஒரு குட்டி ஜீப் செய்து அசத்தினார். சட்டப்படி அது சாலையில் ஓட முடியாது என்று சுட்டிக்காட்டிய ஆனந்த் மஹிந்திரா, அதை வாங்கிக்கொண்டு பதிலுக்கு ஒரு பொலேரோவைக் கொடுத்தார்.

எல்லோருக்கும் பொலேரோ கிடைக்காது. எனவே குறுக்கு வழி. எங்கோ துருப்பிடித்து மடிந்த ஒரு ஜீப்பின் ஆர்.சி. புத்தகத்தைத் தேடிப் பிடிக்கிறார்கள். அதிலுள்ள சேஸிஸ் நம்பரைப் புதிய சேஸிஸில் வெட்டுகிறார்கள், அல்லது பழைய சேஸிஸில் நம்பர் உள்ள துண்டை மட்டும் அறுத்து ஒட்டவைக்கிறார்கள். புத்தகம் பழசு, ஜீப் புதுசு. ராணுவம் ஏலம் விட்ட ஜீப் என்பது இன்னொரு கதை. உண்மையிலேயே அப்படி வாங்கிய வண்டியைப் பதிவு செய்ய விதிகளில் இடமுண்டு; ஆனால் ராணுவ அதிகாரி தந்த அசல் விற்பனைச் சான்று கையில் இருக்க வேண்டும். ஏலச் சீட்டின் ஜெராக்ஸ் செல்லாது.

இந்த ஆட்டத்துக்குக் கடிவாளம் போட்ட தீர்ப்பு கேரள வழக்கு ஒன்றிலிருந்தே வந்தது. மாநில விதிகளின்படி வாகனத்தின் அமைப்பை மாற்றலாம் என்று கேரள உயர் நீதிமன்றம் கூறியிருந்ததை, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவின்படி, உற்பத்தியாளர் குறிப்பிட்ட அம்சங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்கக் கூடாது என்றது அந்தத் தீர்ப்பு. நிறம் மாற்றுவது, அதே ரகத்தைச் சேர்ந்த வேறு இன்ஜின் வைப்பது போன்றவற்றுக்கு மட்டும் ஆர்.டி.ஓ. அனுமதியுடன் வழி இருக்கிறது. அதே ஆண்டு திருத்தப்பட்ட சட்டம், விதிமீறிய ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. கவனிக்க வேண்டிய வார்த்தை 'உரிமையாளர்'. ஜீப்பை வாங்கியவரும் மாட்டிக்கொள்ளலாம்.

கேரளத்தில் கெடுபிடி கூடிக்கொண்டே வருகிறது. 2024ல் வயநாட்டில் நம்பர் பிளேட்டே இல்லாமல் ஓடிய, மாற்றியமைக்கப்பட்ட ஜீப்பின் வீடியோ வெளியானபோது கேரள உயர் நீதிமன்றமே கடுமை காட்டியது. 2025 ஜூலையில் இடுக்கி மாவட்ட நிர்வாகம் சுற்றுலா ஜீப் சவாரிகளுக்குத் தடை போட்டு, பிறகு நிபந்தனைகளுடன் அனுமதித்தது. செப்டம்பரில் சுங்கத் துறை 'ஆபரேஷன் நும்கோர்' என்ற பெயரில் கேரளமெங்கும் சோதனை நடத்தி, பூட்டானிலிருந்து போலி ஆவணங்களுடன் கொண்டுவரப்பட்டவை என்ற சந்தேகத்தில் 30க்கும் மேற்பட்ட வண்டிகளைப் பறிமுதல் செய்தது.

மோசடி எதுவுமில்லாத வண்டியிலும் எல்லை தாண்டும்போது அலைச்சல் உண்டு. தேனியிலோ பொள்ளாச்சியிலோ பதிவான ஜீப்பை இடுக்கிக்காரரோ பாலக்காட்டுக்காரரோ வாங்கினால், முதலில் பழைய ஆர்.டி.ஓ.விடம் படிவம் 28ல் தடையில்லாச் சான்று பெற வேண்டும். 30 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் சான்று வழங்கப்பட்டதாகவே சட்டம் கருதுகிறது. பெயர் மாற்றத்துக்குப் படிவங்கள் 29, 30. வண்டி 12 மாதங்களுக்கு மேல் கேரளத்தில் இருந்தால் படிவம் 27ல் விண்ணப்பித்து, வரி கட்டி, கே.எல். நம்பர் வாங்கியாக வேண்டும். கடனில் வாங்கிய வண்டியென்றால் கடன் தீர்ந்ததற்கான படிவம் 35ம் தேவை.

செலவும் சுளையாக எகிறியிருக்கிறது. 15 வருடம் கடந்த சொந்த உபயோக நான்கு சக்கர வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 வருடம் தாண்டிய வண்டிக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கினார்கள். 50 வருடம் கடந்த வில்லிஸ் வைத்திருப்பவர்கள் 20,000 ரூபாய் கட்டி, 2021 விதிகளின்படி 'வி.ஏ.' எழுத்துகள் கொண்ட விண்டேஜ் நம்பர் வாங்கலாம். ஆனால் சேஸிஸோ பாடியோ இன்ஜினோ கணிசமாக மாறியிருக்கக் கூடாது. அன்றாட ஓட்டத்துக்கும் வாடகைக்கும் பயன்படுத்தக் கூடாது. ஏலத் தோட்டக்காரருக்கு இதனால் பயனில்லை.

விற்பவர்களும் நிம்மதியாக இருக்க முடியாது. கையெழுத்துப் போட்ட படிவங்களைக் கொடுத்துவிட்டுப் பணத்தை எண்ணிக்கொண்டு போவதுதான் வழக்கம். வண்டி நாலு கை மாறும், ஆர்.சி.யில் பெயர் மாறாது. பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில், பல கை மாறிய ஒரு வண்டி தொடர்பான வழக்கில், உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. போடியில் எப்போதோ விற்ற ஜீப் மூணாறு சரிவில் கவிழ்ந்தால், ஓலை வருவது போடிக்குத்தான்.

பெரிய ஆபத்து பயணிகளுக்கு. சொந்த உபயோகத்துக்கான வெள்ளை நம்பர் பிளேட் ஜீப்பில் கூலிக்கு ஆள் ஏற்றி, அதன் நீளமும் இருக்கைகளும் ஆர்.சி.யில் உள்ளதற்கு மாறாக இருந்தால், விபத்து நேரத்தில் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கக் காரணம் கிடைத்துவிடுகிறது. அன்றாடங்காய்ச்சிக் குடும்பம் வருடக் கணக்கில் கோர்ட் வாசலில் நிற்க வேண்டியதுதான்.

வாங்க நினைப்பவர்கள் செய்யக்கூடியது எளிது. பெயிண்டைப் பார்க்கும் முன் சேஸிஸைப் பார்க்க வேண்டும். நம்பர் வெட்டிய இடத்தைச் சுற்றி வெல்டிங் தழும்போ புது பெயிண்டோ இருந்தால் நகர்ந்துவிடலாம். நம்பர் மேல் காகிதம் வைத்து பென்சிலால் தேய்த்து எடுத்த அச்சை ஆர்.சி.யோடு ஒப்பிட வேண்டும். இன்ஜின் நம்பர், எரிபொருள், இருக்கை எண்ணிக்கை, வீல் பேஸ் எல்லாம் ஒத்துப் போகிறதா என்று பார்க்க வேண்டும். வரி, கடன், இன்சூரன்ஸ் விவரங்களை அரசின் 'பரிவாஹன்' பதிவில் சரிபார்க்கலாம். மீதிப் பணத்தைப் பெயர் மாற்றம் முடிந்த பிறகே கொடுப்பது உத்தமம். இதற்கெல்லாம் ஒப்புக்கொள்ளாத தரகரிடம் ஜீப் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் விலை அதிகம்தான்.