விதியை வென்ற மதி

உங்கள் பள்ளி விளையாட்டு விழாவில் ஆறாம் வகுப்பு மாணவனையும் பதினோராம் வகுப்பு மாணவனையும் ஒரே ஓட்டத்தில் நிறுத்துவதில்லை. வயதுக்கேற்பப் பிரிவுகள் உண்டு. கார்ப் பந்தயத்திலும் அவ்வாறே. அங்கே எஞ்சினின் கொள்ளளவு, காரின் எடை முதலியவற்றைக் கொண்டு பிரிப்பார்கள். பிரிக்காவிட்டால் என்ன ஆகும்? பணம் மிகுந்தவர் பெரிய எஞ்சினை வாங்கி வென்றுவிடுவார். பொழுதுபோக்காகப் பந்தயம் ஓட்டுபவர் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்!

இங்கிலாந்தில் 1939இல் தோன்றிய '750 மோட்டார் கிளப்' இதற்கு ஒரு வழி கண்டது. 1922 முதல் 1939 வரை விற்பனையான 'ஆஸ்டின் செவன்' என்னும் சிறிய கார், உலகப் போருக்குப் பின் மலிவாகக் கிடைத்தது. அதன் 747 கன செ.மீ. எஞ்சினைக் கொண்டே பந்தயக் கார் கட்டவேண்டும் என்று 1949இல் அச்சங்கம் விதி வகுத்தது.

எஞ்சின் எல்லாருக்கும் ஒன்றே. பின் எவ்வாறு முந்துவது?

காலின் சாப்மன் என்ற இளைஞர் எஞ்சினை உற்று நோக்கினார். அதில் நான்கு சிலிண்டர்கள். ஆனால் காற்றும் பெட்ரோல் ஆவியும் நுழைய இரண்டே வழிகள். ஒரே குழாயில் இருவர் குடம் பிடித்தால் ஒருவர் பங்கை மற்றவர் பறிப்பார் அல்லவா? அதுபோல, ஒரு வழியைப் பகிரும் இரு சிலிண்டர்களும் அடுத்தடுத்து உறிஞ்சுவதால் சரிவர நிறையவில்லை. எரியும் கலவை குறைந்தால் ஆற்றலும் குறையும். சாப்மன் ஒவ்வொரு வழியின் நடுவிலும் தடுப்பு வைத்து, இரண்டை நான்காக்கினார். விதியில் அதற்குத் தடையில்லை! 1951இல் அவருடைய 'லோட்டஸ்' கார் வெற்றிமேல் வெற்றி பெற்றது. விளைவு? அம்முறையைத் தடைசெய்து விதி திருத்தப்பட்டது.

காலமும் விதியைத் திருத்தியது. தயாரிப்பு நின்றுபோன எஞ்சினுக்கு உதிரிப் பாகங்கள் எத்தனை நாள் கிடைக்கும்? அரிதான பொருள் மலிவாயிராது. எனவே ரிலையன்ட் எஞ்சினும், அதன் பின்னர் 1,108 கன செ.மீ. ஃபியட் எஞ்சினும் அனுமதிக்கப்பட்டன. '750' என்ற பெயர் மட்டும் நிலைத்துவிட்டது!

சாப்மனின் உத்தியைத் தடுத்தது நியாயமா? தடுத்தால் புதுமைக்கு ஊக்கமில்லை. விட்டுவிட்டால் மற்றவர்க்கு வாய்ப்பில்லை. நீங்கள் விதி எழுதுபவராயின் என்ன செய்வீர்கள்? சிந்தியுங்கள்!