எஸ்டோனியாவை நம்பிப் பணம் போடுவது ஏன்?

2007 ஏப்ரலில் எஸ்டோனியாவின் தலைநகர் டாலினில், சோவியத் காலத்துப் போர்வீரர் சிலை ஒன்றை அரசு வேறு இடத்துக்கு மாற்றியது. தெருவில் கலவரம் மூண்டது. கூடவே அரசு, வங்கி, செய்தித்தாள் இணையதளங்களுக்குப் பல நாட்டுக் கணினிகளிலிருந்து போலிக் கோரிக்கைகள் குவிந்தன. ஏறக்குறைய மூன்று வாரம் தளங்கள் விட்டுவிட்டு முடங்கின. சுமார் 13 லட்சம் பேர் வாழும் நாடு அது. தாக்குதலுக்கு முந்தைய மாதம்தான், நாடாளுமன்றத் தேர்தலில் இணையம் வழியாக ஓட்டுப்போட உலகிலேயே முதன்முதலாக வழிசெய்திருந்தது.

இப்படி அடிபட்ட இடத்தில் யார் முதலீடு செய்வார்கள்? செய்தார்கள். பணம் அனுப்ப உதவும் வைஸ், வாடகைக் கார் சேவை தரும் போல்ட் போன்ற நிறுவனங்கள் எஸ்டோனியர்கள் தொடங்கி, முதலீட்டாளர்களின் பணத்தில் வளர்த்தவை. இதற்கு இணையப் பாதுகாப்பு மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுக்காத லாபத்துக்கு 2000 முதல் அங்கே நிறுவன வரி இல்லை. அதுவும் பெரிய ஈர்ப்பு.

ஆனாலும் அந்த நாட்டின் அமைப்பைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். மக்களின் விவரங்கள் ஒரே கிடங்கில் இல்லை. மருத்துவம், வரி, காவல் என்று அந்தந்தத் துறை தன்னுடையதை வைத்திருக்கிறது. ஒரு துறை இன்னொன்றிடம் கேட்டால், எக்ஸ்-ரோடு என்ற பாதை வழியே தகவல் மறையாக்கம் செய்யப்பட்டுப் போகிறது. யார் கேட்டது என்பதும் பதிவாகிறது. தன் விவரத்தை எந்த அலுவலகம் எடுத்துப் பார்த்தது என்று பல துறைகளில் குடிமகனே பார்த்துக்கொள்ளலாம். அரசையே கண்காணிக்கும் உரிமை இது. என்னைக் கேட்டால், மற்ற எல்லாவற்றையும்விட மதிப்புள்ளது இதுதான். முக்கியமான அரசுப் பதிவேடுகளின் நகலை லக்ஸம்பர்க்கில் வைக்கவும் 2017இல் ஒப்பந்தம் போட்டார்கள்.

அதே 2017இல் தேசிய அடையாள அட்டையின் சிப்பில் ஒரு ஓட்டையை ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். சுமார் 7.6 லட்சம் அட்டைகளுக்கு ஆபத்து. அரசு அதை மூடி மறைக்கவில்லை. செப்டம்பரிலேயே மக்களிடம் சொன்னது. நவம்பரில் அந்த அட்டைகளின் மின்சான்றிதழ்களை நிறுத்திவைத்து, புதுப்பித்துக்கொள்ளச் செய்தது.

முதலீட்டாளர் கவனிப்பது இதைத்தான். ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை ஒரு நிறுவனம் மீறினால், பெரிய குற்றங்களுக்கு அதன் உலகளாவிய ஆண்டு வருவாயில் 4 சதவீதம் வரை அபராதம் விழலாம். ஓட்டையை ஒளிக்கும் நாட்டில் அந்த ஆபத்து எவ்வளவு என்று கணக்கிடவே முடியாது. தாக்குதலே நடந்ததில்லை என்று மார்தட்டும் நாட்டைவிட, நடந்ததை உடனே சொல்லிச் சரிசெய்யும் நாடே பணம் போடத் தகுந்த இடம்.