தாத்தா எழும் நேரம், பேரன் தூங்கும் நேரம்

விடிகாலை நாலு மணிக்குத் தாத்தா கொல்லைக் கதவின் தாழ்ப்பாளை நீக்குகிறார். பிளஸ் டூ படிக்கும் பேரன் படுத்து மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை. ஆறு மணிக்கு அவன் போர்வையை உருவி, "இந்த வயசுல நாங்கல்லாம்..." என்று ஆரம்பிப்பார். பல வீடுகளில் நடக்கும் இந்தச் சண்டையில் இருவர் மேலும் தப்பில்லை. இருவர் மூளைக்குள்ளும் ஓடும் கடிகாரம்தான் வெவ்வேறு நேரம் காட்டுகிறது.

அந்தக் கடிகாரம் மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் சின்னஞ்சிறு நரம்பணுக் கொத்து. இருட்டியதும் மெலடோனின் என்ற தூக்க ஹார்மோனைச் சுரக்க வைப்பது அதுதான். பிறந்த குழந்தைக்கு அது இன்னும் சீராக ஓடத் தொடங்கியிருக்காது. அதனால்தான் ராப்பகல் தெரியாமல் 14 முதல் 17 மணி நேரத்தைத் துண்டுதுண்டாகத் தூங்கித் தீர்க்கிறது. அதில் பாதி, இமைக்குள் கண் உருளும் தூக்கம். 'நரி விரட்டுது' என்று பாட்டிமார் சொல்லும் சிரிப்பும் சிணுங்கலும் அப்போது வருபவைதான்.

பருவ வயதில் மெலடோனின் சுரப்பு ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிப்போகிறது. பதினொரு மணிக்கு முன் தூக்கம் வராது; ஆனால் தேவையோ 8 முதல் 10 மணி நேரம். செல்போன் இதை மோசமாக்குகிறது, உண்மைதான். ஆனால் செல்போனைப் பிடுங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2014இல், இந்த வயதினருக்குப் பள்ளியைக் காலை 8.30க்கு முன் தொடங்க வேண்டாம் என்றது. கலிஃபோர்னியாவில் உயர்நிலைப் பள்ளிகளுக்கு 2022 முதல் அது சட்டமாகவே அமலில் இருக்கிறது. நாமோ விடியும் முன்பே டியூஷனுக்கு அனுப்பிவிட்டு, 'பையன் வகுப்பில் தூங்கி வழிகிறான்' என்று புகார் கேட்கிறோம்.

தாத்தாவின் கடிகாரம் நேர்மாறு, முந்திக்கொள்கிறது. கண் வில்லை மஞ்சளடித்து, கடிகாரத்தைத் திருத்தி வைக்கும் நீல ஒளி உள்ளே குறைவாகப் போவதும் ஒரு காரணம். நடுவயதிலிருந்தே குறைந்துவந்த ஆழ்ந்த தூக்கம் இப்போது சொற்பம். சின்னச் சத்தத்துக்கும் விழிப்பு, போதாததற்குச் சிறுநீர் உபாதை. 'வயசானா தூக்கம் வேண்டாம்' என்பது மட்டும் தவறு. 65க்கு மேலும் 7 முதல் 8 மணி நேரம் வேண்டும். குறைவது தேவை அல்ல, ஒரே மூச்சில் தூங்கும் திறன். சாயங்கால வெளிச்சத்தில் அரை மணி நேரம் நடந்தால் கடிகாரம் கொஞ்சம் பின்னுக்கு நகரும். குறட்டை நடுவே மூச்சு நின்று நின்று வந்தால் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும்.

இரவு எட்டு மணி. டிவியில் சீரியல் ஓடுகிறது. சாய்வு நாற்காலியில் தாத்தாவின் தலை தொங்கிவிட்டது. பேரன் ரிமோட்டை மெல்ல எடுக்கிறான்.

"டேய், நான் பாத்துக்கிட்டுதான் இருக்கேன்!"