கம்பி வடங்களில் மறைந்திருக்கும் படங்கள்

மாலை வானத்தைப் படம் பிடிக்கத் திறன்பேசியை உயர்த்துவோர் பெரும்பாலும் ஓரடி இடப்பக்கம் நகர்வர். பிறகு வலப்பக்கம் நகர்வர். குறுக்கே செல்லும் மின்கம்பி படத்தில் விழுந்துவிடக் கூடாது என்பதே அவர்களின் கவலை. அப்படியும் விழுந்துவிட்டால், செயலியின் துணையோடு அந்தக் கம்பியை அழித்துவிடுகின்றனர். ஆனால், புகைப்படக் கலைஞர்கள் சிலர் அந்தக் கம்பியையே தேடிச் செல்கின்றனர். மின்சாரம் பாயும் கம்பி, பாலத்தைத் தாங்கும் எஃகு வடம், மலைக்கு ஆள்களை ஏற்றிச் செல்லும் வடம், கடலடியில் கிடக்கும் தகவல் வடம் என வடங்கள் பல வகைப்படும். ஒவ்வொன்றும் ஒரு வேலையைச் செய்கிறது. அந்த வேலையைக் கண்ணுக்குப் புலப்படுத்துவதே இவ்வகைப் புகைப்படங்களின் சிறப்பு.

புகைப்படத்தில் கோட்டுக்குத் தனி ஆற்றல் உண்டு. ஒரு கோட்டைக் கண்டால் கண் அதைப் பின்தொடர்ந்து செல்லும். சாலையோர மின்தூணின் அருகில் நின்று, கம்பிகள் செல்லும் திசையில் பார்த்தால், அவை தொலைவில் ஒரு புள்ளியை நோக்கிக் குவிவதுபோல் தோன்றும். அந்தப் புள்ளியில் ஒரு வீடோ கோவில் கோபுரமோ இருந்தால், பார்ப்பவரின் கண் தானாகவே அங்குச் சென்று நிற்கும். எங்கும் கொண்டு செல்லாமல் வெறுமனே குறுக்கிடும் கம்பிதான் படத்தைக் கெடுக்கிறது.

உற்று நோக்கினால் மின்கம்பி நேர்கோடு அன்று என்பது விளங்கும். அது தன் எடையால் இரு தூண்களுக்கிடையே சற்றுத் தொய்ந்து வளைந்திருக்கும். வெயிலாலும் மின்னோட்டத்தாலும் சூடேறி உலோகம் விரியும்போது தொய்வு கூடும், குளிரும்போது குறையும். இதனால், தேவையான தொய்வைக் கணக்கிட்டே பொறியாளர்கள் கம்பிகளை அமைக்கின்றனர். இதை அறிந்தவருக்கு அந்த வளைவு ஒரு குறையாகத் தெரியாது. தூண்தோறும் ஏறி இறங்கும் அலையாகவே தெரியும்.

கம்பிகளைப் படம் பிடிக்க ஏற்ற நேரம் கதிரவன் மறையும் வேளையாகும். வானத்தின் ஒளிக்கு ஏற்பக் கருவியை அமைத்தால், கம்பிகள் கருங்கோடுகளாகத் தெளிவாகப் பதியும். ஆண்டிறுதியில் வடக்கிலிருந்து வலசை வரும் தகைவிலான் குருவிகள், மலேசியாவின் சில நகரங்களில் மாலை வேளையில் மின்கம்பிகளின்மீது வரிசை வரிசையாக அமர்கின்றன. தாளில் எழுதிய எழுத்துகளைப் போல அவை காட்சி தரும்.

பாலங்களில் உள்ள வடங்களோ வேறு கதை சொல்கின்றன. 1985ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பினாங்குப் பாலத்தின் நீளம் 13.5 கிலோமீட்டர். கப்பல்கள் கடந்து செல்லும் நடுப்பகுதியைத் தூண்களிலிருந்து இறங்கும் சாய்ந்த வடங்கள் தாங்குகின்றன. பினாங்குத் தீவின் கிழக்குக் கரையில் நின்று பார்த்தால், விடியற்காலை ஒளி பாலத்தின் பின்னாலிருந்து வரும். அப்போது வடங்கள் வானத்தில் வரைந்த முக்கோணங்களாகத் தெரியும். லங்காவியின் மாட் சின்சாங் மலையில் உள்ள வான்பாலம் இன்னும் வியப்பானது. 125 மீட்டர் நீளமுள்ள அந்த வளைந்த நடைபாதையைச் சாய்ந்த ஒரே கம்பத்திலிருந்து வரும் 8 வடங்கள் தாங்கி நிற்கின்றன. பாலத்தை மட்டும் படம் பிடித்தால் அதன் அழகு தெரியும். நடந்து செல்லும் மனிதரையும் மேலே உள்ள வடத்தையும் ஒரே படத்தில் சேர்த்தால், எத்தனை பேரின் எடையை அந்த வடங்கள் சுமக்கின்றன என்பதும் தெரியும். சிங்கப்பூரில் 1974 முதல் ஃபேபர் மலையையும் செந்தோசாத் தீவையும் இணைத்துவரும் கேபிள் காரும் இத்தகையதே.

சில வடங்களைக் கண்ணால் காணவே முடியாது. 1871ஆம் ஆண்டுவாக்கில் சென்னையையும் பினாங்கையும் சிங்கப்பூரையும் கடலடித் தந்தி வடம் இணைத்தது. அதுவரை கப்பலில் பல நாள் பயணம் செய்த செய்தி, அதன்பின் மிக விரைவாக வந்து சேர்ந்தது. அக்காலத்துக் கடலடி வடத்தின் உள்ளே செம்புக் கம்பி இருந்தது. கடல்நீர் புகாமல் அதைக் காத்தது கட்டாபெர்ச்சா. அது மலாயாக் காடுகளில் வளர்ந்த தாபான் மரத்தின் பாலிலிருந்து கிடைத்த பொருள். அதற்காக அம்மரங்கள் பெருமளவில் வெட்டி வீழ்த்தப்பட்டன. தாபான் இலையின் அடிப்பக்கம் செம்பு நிறத்தில் மின்னும். அந்த இலையையும் ஒரு துண்டுச் செம்புக் கம்பியையும் அருகருகே வைத்து எடுக்கும் ஒரு படம், கண்ணுக்குத் தெரியாத வடத்தின் வரலாற்றையே சொல்லிவிடும்.

இப்படங்களை எடுப்போர் பாதுகாப்பை மறக்கக் கூடாது. மின்கோபுரத்தில் ஏறுவதும், அறுந்து கிடக்கும் கம்பியை நெருங்குவதும், மின்கம்பிகளுக்கு அருகில் ட்ரோனைப் பறக்கவிடுவதும் உயிருக்கே ஆபத்தாக முடியலாம். பாலத்தின் நடுவில் வாகனத்தை நிறுத்துவதும் தவறு. தள்ளி நின்று, காட்சியை அருகில் கொண்டுவரும் வில்லையைப் பயன்படுத்துவதே அறிவுடைமை.

தலைக்கு மேலே செல்லும் கம்பிகள் என்றும் அங்கேயே இருக்கும் என்று சொல்ல முடியாது. சிங்கப்பூரில் மின்வடங்கள் பெரும்பாலும் நிலத்தடியில்தான் செல்கின்றன. மலேசியாவிலும் புதிய குடியிருப்புகள் பலவற்றில் அவை மண்ணுக்குள் புதைக்கப்படுகின்றன. இன்று இடையூறாகத் தோன்றும் மின்தூணும் கம்பியும் நாளை பழைய படங்களில் மட்டுமே காணக் கிடைக்கலாம். கம்பியை அழித்துவிட்ட படம் அழகாக இருக்கலாம். ஆனால், அந்தத் தெருவுக்கு வெளிச்சம் எப்படி வந்தது என்பதை அது சொல்லாது.